மென்டாருக்குப் பின்னால் நிற்பவர் யார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ‘மென்டார் ஆகுங்கள்’ (அதாவது, ஒரு பிள்ளைக்கு வழிகாட்டும் துணையாக இருங்கள்) என்ற போஸ்டர்கள் முகநூலில் வரிசை கட்டத் தொடங்கிவிடும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரு பிள்ளையின் வாழ்க்கையே மாறிவிடும் என்பார்கள். கீழே ஒரு கூகுள் ஃபார்ம். பெயர், கம்பெனி, டி-ஷர்ட் சைஸ். டி-ஷர்ட் சைஸ் கேட்பவர்கள், எத்தனை மாதம் வருவீர்கள் என்று கேட்பதில்லை.

நான் இந்த வேலைக்கு எதிரி இல்லை. சில வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இதில்தான் போகின்றன. முதலில் ஒரு பையனுக்கு மென்டாராக இருந்தேன், இப்போது புதிதாக வரும் வாலண்டியர்களுக்குத் துணையாக இருக்கிறேன். இதில் பார்த்தவரை, நம் ஊரில் வாலண்டியருக்குப் பஞ்சம் கிடையாது. வாலண்டியரும் பிள்ளையும் சேர்ந்த பிறகு அந்த உறவு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் பஞ்சம். அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் அந்தத் திட்டத்தைத் தொடங்காமலே இருப்பது நல்லது என்பது என் கட்சி. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். தெரிந்துதான் சொல்கிறேன்.

நாங்கள் போவது பெரும்பாக்கம். சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய எட்டு மாடிக் குடியிருப்புகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏகப்பட்ட குடும்பங்கள் அங்கே போயின. அதில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளி மாறியது, கூட விளையாடிய கூட்டம் போனது, பாட்டி வீடு தூரமானது. அம்மாவுக்கு வீட்டுவேலை பழைய ஏரியாவிலேயே இருந்தால், விடியற்காலை பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு திரும்புவார். ஆட்கள் திடீரென்று காணாமல் போவது அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை.

பக்கத்திலேயே சோழிங்கநல்லூர், ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலை. அங்கே வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு மனசும் இருக்கிறது, பைக்கும் இருக்கிறது. ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். முதல் மாதம் தவறாமல் வருவார்கள். இரண்டாவது மாதம் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் வரும், அப்புறம் ஒரு கல்யாணம், அப்புறம் மழை. மூன்றாவது மாதம் வாட்ஸாப் குழுவில் ‘திஸ் வீக் கஷ்டம் ப்ரோ’ என்று ஒரு வரி. அதன்பின் அதுவும் இருக்காது. யாரும் கெட்ட எண்ணத்தில் போவதில்லை. ஆனால் ரிலீஸ் எதையும் அறியாத ஒன்பதாம் வகுப்புப் பையன், நம்மைப் பிடிக்காமல்தான் அண்ணன் வரவில்லை என்று நினைத்துக்கொள்வான். வேறு எப்படி நினைப்பான்?

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்று நூறு வருடத்துக்கும் மேலாக இயங்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஜோடி சேர்ப்பதுதான் அதன் வேலை. அதில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு வருடத்தைத் தாண்டிய ஜோடிகளில் பிள்ளைகளுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன ஜோடிகளிலோ தன்மதிப்பும், ‘என்னால் படிக்க முடியும்’ என்ற நம்பிக்கையும் குறைந்திருந்தன. அரைகுறையாகச் செய்தால் பலன்தான் இருக்காது, கெடுதல் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே வருடம் டேவிட் டுபாய்ஸும் சகாக்களும் 55 மதிப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் இத்தகைய திட்டங்களின் பலன் ரொம்பப் பெரிதாக இல்லை. ஆனால் ஜோடி சேர்த்ததோடு விடாமல் மென்டாருக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்து, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, திட்டம் எப்படி நடக்கிறது என்று கண்காணித்த இடங்களில் பலன் கூடியது. மென்டார் எவ்வளவு நல்லவர் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது.

சரி, பின்னால் நிற்கும் அந்த ஆள் அப்படி என்னதான் செய்வார்? எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்காவையே சொல்கிறேன். சமூகப்பணி படித்தவர், அதே குடியிருப்பில் வசிப்பவர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மென்டாருக்கும் போன் போடுவார். பிள்ளையிடமும் தனியாகப் பேசுவார், அம்மா அப்பாவிடமும் பேசுவார். பார்த்தால் ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியாது. ஒருநாள் ஒரு மென்டாரிடம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது பக்கத்தில் இருந்தேன்.

“அக்கா, எனக்குப் பதிலா வேற யாரையாவது போடுங்க. அவன் என்கிட்ட பேசவே மாட்டேங்குறான். ஆமா, இல்ல, அவ்ளோதான்.”

“வர்றானா?”

“வர்றான்.”

“எத்தனை மணிக்கு வர்றான்?”

“நான் போகும்போது அவன் ஏற்கனவே உட்கார்ந்திருப்பான்.”

“நீங்க எத்தனை மணிக்குப் போறீங்க?”

“பத்துக்கு.”

“அவன் ஒன்பதரைக்கே வந்துடுறான் தம்பி. சென்டர் சாவி வாங்க என் வீட்டுக்குத்தான் வருவான். அடுத்த வாரம் எதுவும் கேக்காதீங்க, ஒரு கேரம் போர்டு எடுத்துட்டுப் போங்க.”

அந்தத் தம்பி விலகவில்லை. அந்த போன் மட்டும் வராமல் போயிருந்தால், தன்னால் ஒரு பயனும் இல்லை என்று ஒதுங்கியிருப்பார், பையனும் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருப்பான். பாதி ஜோடிகள் இப்படித்தான் அறுகின்றன, சண்டை சச்சரவே இல்லாமல்.

நம் ஆட்களுக்கு இன்னொரு வியாதி உண்டு, அட்வைஸ். பையன் பேர் தெரிவதற்கு முன்னாலேயே ‘ஐஏஎஸ் ஆகணும்னு லட்சியம் வச்சுக்கோ’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, தெருமுனையில் ஒன்று என்று அட்வைஸ் அவனுக்கு ஏற்கனவே கழுத்து வரைக்கும் இருக்கிறது. நம்மிடமிருந்து அவனுக்கு வேண்டியது வேறு. பிளஸ் டூ முடித்ததும் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது, வருமானச் சான்றிதழில் அப்பா பெயர் ஆதாரில் இருப்பது போல இல்லையென்றால் என்ன செய்வது, ஹாஸ்டல் படிவத்தில் கார்டியன் என்று யாரைப் போடுவது, இவையெல்லாம் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு மென்டார்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும். நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய விதைத் திட்டத்தைப் பாருங்கள், கட்டணம் கட்டுவதோடு நிற்காமல் வழிகாட்டிகளையும் வைத்தார்கள். சீட்டும் பணமும் கிடைத்த பிறகும் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பது களத்தில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் பரிசு. நல்ல மனசோடு ஒரு அண்ணன் ஒரு பையனுக்கு விலை உயர்ந்த ஷூ வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் அந்தப் பையனின் அம்மா டப்பாவோடு வந்து, “இவன் தம்பிக்கு நான் எங்க போவேன் சார்? எங்களால முடியாததை நீங்க செஞ்சு காட்டினா, நாளைக்கு என் பேச்சைக் கேப்பானா?” என்றார். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. இருவரையும் உட்காரவைத்துப் பேசியது ஒருங்கிணைப்பாளர் அக்காதான். அந்த அம்மாவுக்குக் கோபம் ஷூ மேல் இல்லை. தன்னைக் கேட்காமல் தன் பிள்ளையின் வாழ்க்கைக்குள் ஒருவர் நுழைந்துவிட்டார் என்பதுதான் கோபம். நியாயம்தானே? இப்போது மென்டார் சேரும்போதே வீட்டுக்குப் போய், டீ குடித்து, பெற்றோரிடம் பேசிவிட்டுத்தான் ஆரம்பிப்பது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் எதுவும் வாங்கித் தரக்கூடாது என்று விதியும் போட்டாயிற்று. (அந்த ஷூவை அம்மா கடைசியில் வைத்துக்கொண்டார். தம்பிக்கும் அதே அளவுதானாம்.)

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழகிய பிறகு ஒருநாள் பிள்ளை கேட்கும்: “அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?” பாசத்தில் சத்தியம் செய்துவிடுகிறவர்கள்தான் அதிகம். செய்யக்கூடாது. பாலியல் தொந்தரவு பற்றிய விஷயமாக இருந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதை அறிந்தவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் இருந்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. இது எத்தனை மென்டார்களுக்குத் தெரியும்? ‘உன் பாதுகாப்புக்காகச் சொல்லவேண்டி வந்தால், யாரிடம் சொல்கிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்பதை முதல் நாளே சொல்லிப் பழக வேண்டும். 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணை அறிந்திருந்தால் மட்டும் போதாது, இரவு பத்து மணிக்குக் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபத்து மூன்று வயது வாலண்டியர் யாரைக் கூப்பிடுவார்? அந்த போனை எடுக்க ஒருவர் வேண்டும். வாலண்டியர்களைச் சேர்க்கும்போது பின்னணி விசாரிப்பதும், பிள்ளையைத் தனி அறையில் சந்திக்க விடாமல் இருப்பதும் இதே கணக்கில்தான் வரும். அது அவமானம் என்று முறுக்கிக்கொள்பவர்கள் தாராளமாகப் போகலாம், வருத்தமே இல்லை.

2021 அக்டோபரில் தமிழக அரசு மரக்காணம் பக்கம் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வியை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். அது மென்டார் திட்டம் இல்லை, கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மாலையில் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. தன்னார்வலர்களுக்குக் கிடைத்தது மாதம் ஆயிரம் ரூபாய்தான். ஆனாலும் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். பாடம் எடுக்கும் அக்கா அதே தெருக்காரர் என்பதைத்தான் நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன். இன்று வராவிட்டால் நாளை ரேஷன் கடையில் பிள்ளையின் அம்மா முகத்தில் விழிக்க வேண்டும். வெளியிலிருந்து பைக்கில் வருகிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்தக் கட்டாயத்தை யாராவது உண்டாக்க வேண்டும், அதைத்தான் ஒருங்கிணைப்பாளர் செய்கிறார்.

அவருக்குச் சம்பளம் யார் தருவது? இங்கேதான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். பணம் இருக்கிறது. ஆனால் ஒருங்கிணைப்பாளர் சம்பளம் என்று பட்ஜெட்டில் எழுதினால், ‘இது நிர்வாகச் செலவு, 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது’ என்று பேனாவால் அடித்துவிடுகிறார்கள். விதிகளில் உள்ள அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கானது. களத்தில் திட்டத்தை நடத்தும் ஊழியருக்கு அது பொருந்தாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நோட்டு, பை, டி-ஷர்ட் என்றால் கையெழுத்து உடனே விழும், லோகோ போடலாம் அல்லவா. போன் பேசும் அக்காவின் நெற்றியிலா லோகோ போட முடியும்? பிள்ளைக்கும் மென்டாருக்கும் நடுவில் இருப்பதே அவர்தான், அதுதான் திட்டம். அவர் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்பது ஆசிரியர் சம்பளத்தைப் பள்ளியின் இதரச் செலவில் எழுதுவது மாதிரி.

என் அனுபவத்தில் ஒரு ஒருங்கிணைப்பாளரால் முப்பது ஜோடிகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். நாற்பதைத் தாண்டினால் போன் குறையும், போன் குறைந்தால் ஜோடி அறும். இதற்கு ஆய்வுச் சான்றெல்லாம் கேட்காதீர்கள், கண்ணால் பார்த்தது.

விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆபீஸில் வெளிநாட்டு ஆன்சைட் வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகி வேறு ஊர் போவார்கள், நடப்பதுதான். இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும், முதலில் ஒருங்கிணைப்பாளரிடம், பிறகு பிள்ளையிடம் நேரில். வாட்ஸாப்பில் கூடாது. எப்போதும் தொடர்பில் இருப்பேன், அடிக்கடி வருவேன் என்றெல்லாம் வாக்குக் கொடுக்கக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்கு போன் செய்ய முடியும் என்றால் அதை மட்டும் சொன்னால் போதும். அடுத்து வரும் மென்டாரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவதையே அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கும் பிள்ளைகள் எங்கள் மையத்தில் இருக்கிறார்கள்.

‘ஒரு வருடமெல்லாம் என்னால் முடியாது, அப்படியானால் நான் லாயக்கு இல்லையா?’ என்று கமென்டில் கேட்கப் போகிறீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மென்டார் வேலைக்கு வராதீர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் வாருங்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங் நேரத்தில் சாய்ஸ் ஃபில்லிங் செய்ய எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாது. எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று தெரியாமல், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன வரிசையில் போட்டுவிட்டு நல்ல கட்-ஆஃபை வீணடிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் குறிப்பிட்ட நாட்களுக்குள் உறுதிசெய்ய வேண்டும் என்பது தெரியாமல் சீட்டையே விட்டவர்களும் உண்டு. அந்த ஒரு வாரம் லேப்டாப்போடு வந்து உட்காருங்கள், நெட்டுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டையே போட்டுக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் கொஞ்சம் மோசம். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.