சாக் கணக்கு மட்டும் போதாது
அமெரிக்க ஃபுட்பாலில் ராம்ஸ் அணியின் தடுப்பு வீரராக இருந்த ஆரன் டொனால்ட், பந்தை வீசும் எதிரணி குவார்ட்டர்பேக்கை வீசுவதற்குள் பந்தோடு சாய்த்த 111 சாக்குகளை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறது இந்தக் கட்டுரை. அது பாதிக் கதைதான். அவர் நின்றது தடுப்பு வரிசையின் நடுவில், பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து மறிக்கும் இடம், அங்கிருந்து 2018-ல் ஒரே சீசனில் 20.5 சாக் என்பது சாதாரண விஷயமா? அந்த இடத்துக்கு உயரம் பத்தாது என்று சொல்லப்பட்டவர், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் 13-வதாகத்தான் போனார். அப்புறம், 2022 சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில், எதிரணி பெங்கால்ஸின் நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், அவர்களின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை அவர் பிடித்துச் சுழற்றியதில் பந்து யார் கைக்கும் போகாமல் விழுந்தது, ராம்ஸ் 23-20 என ஜெயித்தது. பந்து கையை விட்டுப் போய்விட்டதால் அது சாக் கணக்கிலேயே வராது! அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும் சார்.