இறக்கத்தையும் எழுதியிருக்கலாம்

பைக் கிளப் நண்பர்கள் ராத்திரி முழுக்க மலைச்சாலைகளில் சேர்ந்து ஓட்டிய அனுபவத்தை ஆசையாகப் படித்தேன். நானும் பத்து வருடமாக இப்படிக் குழுவோடு போகிறவன். ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர், இறக்கத்துக்கும் நாலு வரி ஒதுக்கியிருக்கலாம். ஆபத்து அங்கேதான்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை விடியற்காலையில் அங்கிருந்து இறங்கும்போது, எனக்கு முன்னால் போன தம்பி பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். பாதி மலையில் கருகல் வாசனை. நிறுத்திப் பார்த்தால், டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கிறது. பெடல் மிதித்தால் அப்படியே உள்ளே போகிறது, பிடிப்பே இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் இரண்டாம் கியரிலேயே மெதுவாக இறக்கினோம். சின்ன கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் புதியவர்களுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து திம்பம் போகப்போவதாக எழுதியிருக்கிறார். 27 வளைவுகள், அருமையான பாதை. ஆனால் அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. நியாயமான தடை. காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் குட்டியோடு ரோட்டோரம் காத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இருட்டில் இருபது பைக் வெளிச்சமும் சத்தமும் அவற்றுக்கு வேண்டாம். இரவு சத்தியமங்கலத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறுங்கள்.