கென்னத் ஹான்: ஒரு கவுண்டி உறுப்பினரின் நாற்பது ஆண்டுகள்

பல நகரங்களை உள்ளடக்கிய, மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியான லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து வீட்டிலிருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால், சற்று நேரத்தில் வாசலில் வந்து இறங்கும் பாராமெடிக்குகள் மருத்துவர்கள் அல்லர். பெரும்பாலும் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் அவர்கள் அங்கேயே இதயத்துடிப்பைப் பதிவு செய்கிறார்கள், மருந்து செலுத்துகிறார்கள், தேவைப்பட்டால் மின்னதிர்ச்சி கொடுத்து நின்ற இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கிறார்கள். 1960களின் இறுதியில் இந்த வேலையைச் செய்யக் கலிஃபோர்னியாவின் சட்டம் அவர்களுக்கு இடம் தரவில்லை. அந்தச் சட்டத்தை மாற்றியாக வேண்டும் என்று விடாமல் போராடியவர்களில் முக்கியமானவர் ஆளுநரோ செனட்டரோ அல்லர், கென்னத் ஹான் என்ற ஒரு கவுண்டி ஆட்சிக் குழு உறுப்பினர். இந்த ஊரில் வாழ்கிறவர்களில் பலருக்கே அவர் பெயர் ஒரு பூங்காவின் பெயராகவும், நகரின் மையத்திலுள்ள கவுண்டி நிர்வாகக் கட்டடத்தின் பெயராகவும் மட்டுமே தெரிந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை ஆள்வது ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழு. கவுண்டிக்கான சட்டங்களை இயற்றுவதும் இவர்களே, அவற்றை நிறைவேற்றும் நிர்வாகத்தை நடத்துவதும் இவர்களே. நகரங்களுக்கு மேயர் இருப்பதுபோல் கவுண்டிக்கென்று தனித் தலைவர் இதுவரை இருந்ததில்லை. ஏறக்குறைய ஒரு கோடி மக்களின் பொது மருத்துவமனைகள், சிறைகள், ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பு, ஏழைகளுக்கான உதவித்தொகை ஆகிய அனைத்தும் இந்த ஐவரின் கையில் இருக்கின்றன.

ஹான் 1920இல் இதே நகரில் பிறந்தவர். கைம்பெண்ணான தாய் வளர்த்த ஏழு ஆண்பிள்ளைகளில் ஒருவர். 1947இல் நகரமன்ற உறுப்பினரானார். 1952இல் கவுண்டிக் குழுவுக்கு இரண்டாம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, 1992 வரை அந்த இடத்திலேயே இருந்தார். கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த தெற்கு லாஸ் ஏஞ்சலஸ் அவருடைய தொகுதிக்குள் இருந்தது. வெள்ளையரான அவரை அம்மக்கள் நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. சாலையில் குழி என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அந்தக் குழி மூடப்படும். 1961இல் மார்ட்டின் லூதர் கிங் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது, மற்ற அரசியல்வாதிகள் ஒதுங்கியிருக்க, ஹான் நேரில் சென்று வரவேற்றார். அன்றைய சூழலில் அதற்குத் துணிவு வேண்டும்.

அவரிடம் என்னை மிகவும் கவர்ந்தது கடிதம் எழுதுவதில் அவருக்கிருந்த பிடிவாதம். 1950களின் தொடக்கத்தில் நகரைப் புகைமூட்டம் மூடியிருந்தது. கண் எரியாமல் தெருவில் நடக்க முடியாத நாட்கள் பல. கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், வாகனப் புகையும் ஆலைப் புகையும் சூரிய ஒளியில் வினைபுரிவதாலேயே இம்மூட்டம் உருவாகிறது என்று விளக்கினார். 1953இல் ஹான் ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதி, இதைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வாகனப் புகை காற்றில் விரைவில் கலைந்துவிடும், அதனால் மாசுப் பிரச்சினை ஏதுமில்லை என்ற பொருளில் பதில் வந்தது. வேறொருவராக இருந்திருந்தால் அந்தப் பதிலைக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஹான் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். தாம் எழுதியதையும் அவர்கள் அளித்த பதில்களையும் தொகுத்து அச்சிட்டு வெளியிட்டார். கார் நிறுவனங்கள் தங்களுக்குள் கூடிப்பேசி மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமதப்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க நீதித்துறை 1969இல் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டே அது சமரசத் தீர்ப்பில் முடிந்தது. ஒரு கவுண்டி உறுப்பினருக்குக் கார் நிறுவனங்கள்மீது எந்த அதிகாரமும் கிடையாது. கேள்வி கேட்கும் உரிமை மட்டுமே அவரிடம் இருந்தது, அதையே அவர் சலிக்காமல் பயன்படுத்தினார்.

பாராமெடிக் விஷயத்திலும் இதே குணத்தைத்தான் காண்கிறேன். கவுண்டியின் ஹார்பர் பொது மருத்துவமனையில் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி தொடங்கியபோது, செவிலியர் ஒருவர் உடன் வந்தால்தான் அவர்கள் சிகிச்சை அளிக்க முடியும் என்ற நிலை இருந்தது. மருத்துவர் அல்லாதவர் மருந்து கொடுப்பதா என்ற எதிர்ப்பும் இருந்தது. ஹான் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டினார். 1970இல் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன், பாராமெடிக்குகள் சிகிச்சை அளிக்க இடம் தந்த வெட்வொர்த்-டவுன்செண்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். நெடுஞ்சாலை ஓரங்களில் மஞ்சள் நிற அவசரத் தொலைபேசிப் பெட்டிகள் 1962இல் வந்ததும் அவர் முயற்சியால்தான். புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியை இங்கே கொண்டுவந்ததில் அவருக்குப் பங்குண்டு என்பதை ஊரே சொல்லும். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. 1980இல் விற்பனை வரியை அரை விழுக்காடு உயர்த்திப் பொதுப் போக்குவரத்துக்கு ஒதுக்கும் தீர்மானத்தை வாக்காளர்முன் வைத்து வென்றதையே பெரிதாக நினைக்கிறேன். அந்தப் பணத்தில்தான் 1982 முதல் மூன்று ஆண்டுகள் பேருந்துக் கட்டணம் 85 சென்டிலிருந்து 50 சென்டாகக் குறைந்தது. 1990இல் தெற்கிலுள்ள லாங் பீச் நகருக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. அந்த ரயில் தெற்கு லாஸ் ஏஞ்சலஸிலுள்ள வாட்ஸ் பகுதி வழியாகச் செல்கிறது.

அதே வாட்ஸில் 1965 ஆகஸ்டில் வெடித்த கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தனர். அதன் காரணங்களை ஆராய்ந்த ஆணையம், அப்பகுதியில் மருத்துவ வசதி போதாது என்பதையும் சுட்டிக்காட்டியது. புதிய மருத்துவமனைக்கான கடன் பத்திரத் தீர்மானம் 1966இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெறாமல் தோற்றது. ஹான் விடவில்லை, வேறு வழியில் நிதி திரட்டப்பட்டு, 1972இல் மருத்துவமனை திறக்கப்பட்டது, அது கிங்கின் பெயரையும் பெற்றது. ஆனால் அவர் ஓய்வுபெற்ற பின்னர், சிகிச்சைக் குறைபாடுகள் தொடர்ந்து வெளிவந்து, கூட்டரசின் நிதியை இழந்து, 2007இல் உள்நோயாளிப் பிரிவு மூடப்பட்டது. மீண்டும் ஒரு மருத்துவமனை திறக்கப்பட 2015 வரை ஆயிற்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் அங்குள்ளவர்கள் உள்நோயாளிச் சிகிச்சைக்கு வேறு பகுதிகளுக்கு அலைந்தார்கள். இந்தச் சரிவை அவர்மீது சுமத்த மாட்டேன். ஆயினும் ஒரு மனிதரின் விடாமுயற்சியை மட்டும் நம்பி எழுந்த நிறுவனம், அவர் போனபின் யார் பொறுப்பில் நிற்கும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

அவரைப் போற்றுகிறவர்கள் பேசத் தயங்கும் இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். 1981இல் ஹான் இடம்பெற்றிருந்த குழு, ஐந்து உறுப்பினர்களின் பதவியும் பத்திரமாக இருக்கும்படி தொகுதி எல்லைகளை வரைந்தது. லத்தீனோ மக்கள் பல தொகுதிகளில் சிதறடிக்கப்பட்டார்கள். இது வேண்டுமென்றே இழைக்கப்பட்ட பாகுபாடு என்று 1990இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைகள் மாற்றி வரையப்பட்ட பிறகே, 1991இல் லத்தீனோ சமூகத்தைச் சேர்ந்த குளோரியா மொலினா அக்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணாக ஆனார். 1987இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஹான் மேலும் ஐந்தாண்டுகள் பணியாற்றினார். அவர் விலகிய 1992இல்தான், அவருடைய தொகுதியிலிருந்து இவான் பர்க் தேர்தலில் வென்று குழுவுக்கு வந்த முதல் கறுப்பினத்தவரானார். மக்களுக்காக அவ்வளவு உழைத்த ஒருவர், அம்மக்களே தங்களைப் பிரதிநிதித்துவப்படுத்திக்கொள்ளும் நாளை இன்னும் முன்னதாக வரவிட்டிருக்கலாம் என்றே கருதுகிறேன். அவர்மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை.

ஹான் 1997 அக்டோபரில் மறைந்தார். குழுவை ஒன்பது பேராக விரிவாக்கவும், கவுண்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவரை ஏற்படுத்தவும் 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து, தீர்மானம் நிறைவேறியது. நான் அதை ஆதரித்தேன். இருபது லட்சம் பேருக்கு ஒரே உறுப்பினர் என்ற நிலையில், குழி விழுந்த சாலையைப் பற்றித் தொலைபேசியில் சொல்லும் குடிமகனின் குரல் எப்படி அவர் காதுக்கு எட்டும்?