மே மாதச் சென்னையில் ஈரக் காற்றைக் கொண்டு குளிர வைக்கிறார்களாம்!

ஏசி வேண்டாம், கரண்ட் பில் பாதியாகும் என்று சொல்லி ஆபீஸ்களில் டெசிகண்ட் கூலிங் (ஈரம் உறிஞ்சும் பொருளால் காற்றைக் காயவைத்து, பிறகு தண்ணீரால் குளிர வைக்கும் முறை) மாட்டுகிறவர்களை, மதியம் இரண்டு மணிக்கு அந்தக் காற்று வரும் டக்ட்டுக்குக் கீழேயே உட்கார வைக்க வேண்டும்.

வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் வெட் பல்ப், அதாவது தண்ணீர் ஆவியாவதால் காற்று இறங்கக்கூடிய கடைசி வெப்பநிலை, 28ஐ ஒட்டி நிற்கும். காற்றை ஊடே விட்டுக் குளிர வைக்கும், 85 சதவீதத் திறனுள்ள ஈரப் பேடும் 29க்குக் கீழே இறக்காது. ராஜஸ்தானில் 42 டிகிரி, 20 சதவீதம் என்றால் அதே பேட் 27க்குக் கீழே கொண்டுபோய்விடும். அதனால்தான் இங்கே பேடுக்கு முன்னால், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கொண்ட சுழலும் சக்கரம் வைக்கிறார்கள். கிலோ காற்றிலுள்ள 21 கிராம் ஈரத்தை அது 13க்குக் குறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உறிஞ்சும்போது சூடு கிளம்பும். காற்று 55 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். அறையிலிருந்து திரும்பும் காற்றை நனைத்து, அந்தக் குளிர்ச்சியை வெப்ப மீட்புச் சக்கரம் (இரண்டு காற்றுக்கும் இடையே சூட்டை மாற்றும் இன்னொரு சக்கரம்) வழியாக இந்தச் சூடான காற்றில் ஏற்றினால்தான் அது 30க்கு வரும். திரும்பும் காற்றை இழுக்கும் அந்த ரிட்டர்ன் ஃபேனைத்தான் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நிறுத்தி வைக்கிறார்கள்! பிறகு அனல் அடிக்காமல் என்ன செய்யும்?

கொடுமை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பாடுபட்டுக் காயவைத்த காற்றை இன்னொரு ஈரப் பேடுக்குள் விடுகிறார்கள். 23 டிகிரி வருகிறது, தெர்மாமீட்டரைக் காட்டிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். ஈரம்? திரும்பவும் 16 கிராம். அறை 26 டிகிரியில் இருந்தால் ஈரப்பதம் 75 சதவீதம், ஆட்களின் வியர்வை அதற்கு மேல். காகிதம் நமத்துப்போகிறது, சட்டை முதுகில் ஒட்டுகிறது.

ஈரம் உறிஞ்சிய சிலிக்கா ஜெல் சக்கரத்தை மறுபடி காயவைக்க 60 முதல் 80 டிகிரிச் சூடு வேண்டும். சோலார் வெந்நீரோ ஜெனரேட்டர் கழிவுச் சூடோ இருந்தால் சரி. மின் ஹீட்டர் என்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் குளிர்ச்சி தேறுவதே பெரும்பாடு. சாதாரண இன்வெர்ட்டர் ஏசி மூன்றுக்கு மேல் தரும். இதற்குப் பெயர் மின் சிக்கனமாம்!

பராமரிப்பைக் கேட்கவே வேண்டாம். மணிக்குப் பத்து இருபது சுற்று சுற்ற வேண்டிய சக்கரத்தை "வேகமா சுத்தினா நல்லா காயும்" என்று முடுக்கிவிடுகிறார்கள். ஹீட்டர் பக்கத்துச் சூடு அப்படியே அறைக்குப் போகும் காற்றுப் பக்கம் வந்துவிடுகிறது. விளிம்பு சீல் கிழிந்தால் வெளியே போகவேண்டிய ஈரக்காற்று உள்ளே கசிகிறது. போர் தண்ணீரில் பேட் உப்புப் பூத்துப்போகிறது. தொட்டித் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட ஒரு வால்வுகூட இல்லை.

கடைசிப் பேடைக் கழற்றிவிட்டு அங்கே குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள் (காயில்) வையுங்கள். வெளிக்காற்றைக் காயவைக்கும் வேலையை மட்டும் சக்கரத்திடம் விடுங்கள். பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் டிகிரியோடு ஈரப்பதத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள், மே மாதத்தில், ஆபீஸ் நிறைய ஆள் இருக்கும்போது. ஜனவரி டெமோ செல்லாது.