தடுமாறினால் பொய் சாட்சியா?

கோர்ட்டில் சாட்சி சொன்ன ஒரு பெண்ணைப் பற்றிய வீடியோவுக்குக் கீழே வந்த கமென்ட்டுகளைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "முதல்ல ஏழு மணின்னாங்க, இப்போ எட்டுங்கறாங்க. அப்போ எல்லாமே பொய்தான்!" அதற்கு அத்தனை லைக். தடுமாறுவது வேறு, பொய் சொல்வது வேறுங்க.

சாட்சியை நம்பலாமா என்று கேட்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. லஞ்சம் வாங்கினார், முன்னால் வேறு மாதிரி சொன்னார் என்றெல்லாம் நிரூபிக்கலாம். 1872 சாட்சியச் சட்டத்தில் பிரிவு 155, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 158. ஆனால் முன்பு எழுத்தில் பதிவான வாக்குமூலத்தை வைத்து மடக்குவதானால், முரண்படுகிற அந்த வரியை முதலில் சாட்சியிடமே சுட்டிக்காட்ட வேண்டும். போலீஸ் விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்தே வாங்கக் கூடாது. இவர் சொன்னதை இன்னொருவர் தன் நடையில் எழுதியது அது!

என் சித்தி ஒரு விபத்து வழக்கில் சாட்சி. அடிபட்டவர் தலையை மடியில் தாங்கியவர். லாரி எந்தப் பக்கம் வந்தது என்று தெளிவாகச் சொன்னார். அடிபட்டவர் சட்டை என்ன நிறம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீலம் என்றார் சித்தி. போலீஸ் எழுதிய காகிதத்தில் பச்சை. அவ்வளவுதான், "நீங்க அந்த இடத்துலயே இல்லை, பொய் சாட்சி சொல்றீங்க" என்று ஒரே போடு. சித்தி இல்லவே இல்லை என்று மறுத்தது, கோர்ட் நடையில் "நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல" என்று பதிவானது. வீட்டுக்கு வந்து சித்தி சாப்பிடவே இல்லை.

சாட்சிக்கு போட்டோ பிடித்த மாதிரி ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என 1983இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டை நிறத்தையும் லாரி வந்த திசையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

"அப்போ குறுக்கு விசாரணையே வேண்டாமா?" என்பீர்கள். கட்டாயம் வேண்டும். பொய் வழக்கில் மாட்டிய அப்பாவிக்கு அதுதானே ஆயுதம்? "வக்கீல் அவர் வேலையைச் செய்றார்" என்றும் வருவீர்கள். அவமானப்படுத்துவது வேலையில்லை. அப்படிப்பட்ட கேள்வியை நீதிபதி தடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த வீடியோ பெண்ணின் நடத்தையைப் பற்றி எழுதினீர்களே, அது எதற்கு? பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவளை நடத்தை கெட்டவள் என்று காட்டி நம்பிக்கையைக் குலைக்க 155இலேயே ஓர் உட்பிரிவு இருந்தது. 2002 திருத்தத்தில்தான் தூக்கினார்கள். நூற்று முப்பது வருஷம்! சட்டம் தூக்கியதை நீங்கள் கமென்ட்டில் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அப்புறம் "சாட்சியெல்லாம் பல்டி அடிக்கிறாங்க" என்று புலம்புவதும் நீங்கள்தான்.

இனி எது நடந்தாலும் சாட்சி சொல்லப் போகமாட்டேன் என்கிறார் சித்தி. போங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.