கணக்கு வேலைக்குப் போனேன், குடும்பத்தை விசாரித்தார்கள்

போன வாரம் கிண்டியில் ஒரு கம்பெனிக்கு அக்கவுன்ட்ஸ் வேலைக்காக இன்டர்வியூ போயிருந்தேன். கணக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். இப்போது அவள் எல்கேஜி போகிறாள். முன்பு இருந்த இடத்தில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் இரண்டையும் நான்தான் பார்த்தேன். வீட்டில் இருந்த காலத்தில் நிறைய மாறிவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் தாக்கல் செய்து நம் டூபி-யில் (ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வரும் கொள்முதல் பில் பட்டியல்) ஏறாத பில்லுக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்க முடியாது. 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருந்தாலே இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன்.

காலையில் வரச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரம்வரை உட்கார வைத்தார்கள். அது போகட்டும். ஹெச்ஆர் என் ரெசுமேயைப் பார்க்கவே இல்லை, பெயரையே என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். பாதி நேரம் கண் போனில்தான் இருந்தது. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" "மாமியார் கூட இருக்காங்களா?" "குழந்தையை யார் பாத்துப்பாங்க?" எல்லாவற்றுக்கும் பொறுமையாகவே பதில் சொன்னேன். கடைசியாக, "ரெண்டாவது குழந்தைக்கு ஐடியா இருக்கா மேடம்? சேர்ந்த கொஞ்ச நாள்லயே லீவுன்னு வந்து நின்னா எங்களுக்குக் கஷ்டம்" என்றார்.

"ஆண்கள் வந்தாலும் இதைக் கேட்பீங்களா சார்?" என்றேன்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம், பொதுவாத்தான் கேட்டேன். அப்புறம் கூப்பிடுறோம்."

கூப்பிடவில்லை. என்னை அனுப்பிய கன்சல்டன்சிக்கு நானே போன் செய்தேன். "அவங்க ஜென்ட்ஸாத்தான் பாக்குறாங்களாம் மேடம், எனக்கே இப்பதான் சொன்னாங்க" என்றார் அந்தப் பெண். அப்படியானால் அன்று எதற்காக என்னை அங்கே உட்கார வைத்தார்கள்?

ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவிலேயே இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஆனால் நமக்குச் சொல்லும் 'அப்புறம் கூப்பிடுறோம்' எதுவும் எழுத்தில் இருப்பதில்லையே, எதை வைத்துப் புகார் கொடுப்பது? அதனால் அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி, தேதி போட்டு, கம்பெனியின் மேலிடத்துக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். இதே நிலை வந்தால் நீங்களும் அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரு பதிவாவது இருக்கும்.

கம்பெனிகளின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சம்பளப் பட்டியல் போட்டவள் நான். 2017-இல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல விஷயம், வேண்டியதுதான். ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ-யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருப்பவருக்கு அந்தப் பணத்தை இஎஸ்ஐ கொடுக்கிறது. அதற்கு மேல் வாங்குபவருக்கு முழுச் சம்பளத்தையும் முதலாளியேதான் கொடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்துபவருக்கு அது பாரம்தான். இந்தச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டாமல் சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ கொடுக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. முதலாளிகள் சங்கங்கள் அரசிடம் போய்க் கேட்க வேண்டியது இதைத்தான். அதை விட்டுவிட்டு, வேலை தேடி வரும் பெண்ணின் வயிற்றை விசாரிப்பது என்ன நியாயம்?

ஹெச்ஆரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. எங்களால் நேரம் ஒதுக்க முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம், தப்பில்லை. அப்படியானால் வேலையை வைத்துக் கேளுங்கள். "20-ஆம் தேதிக்குள் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான த்ரீபி போட்டாக வேண்டும், அந்த வாரம் வீட்டுக்குப் போக இரவு ஆகிவிடும், முடியுமா?" என்று ஆண், பெண் எல்லாரிடமும் கேளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன். பழைய கம்பெனியில் மாதாமாதம் அப்படித்தான் இருந்தேன்.