எடின்பரோவுக்குப் பெட்டி அடுக்கும்போது

அம்மா இந்த ஆகஸ்டில் இரண்டாம் முறையாக ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்படுகிறார். முதல் பயணத்தின்போது "கனமான ஸ்வெட்டர் ஒன்று, குடை ஒன்று, அது போதும்" என்று நாங்கள் அவரிடம் சொல்லி அனுப்பியது முற்றிலும் தவறு. அதே யோசனையைத்தான் நம்மில் பலர் இன்றும் பெற்றோருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதால், பெட்டியை அடுக்கிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நம் ஊர் மழையை வைத்து அந்த ஊர் மழையைக் கணக்கிடக் கூடாது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது; எடின்பரோவில் ஏறத்தாழ அதில் பாதிதான். ஆனால் நமக்கு அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிட, அங்கோ பன்னிரண்டு மாதமும் தூறலும் சாரலுமாகப் பிரிந்து விழுகிறது. ஆகஸ்டில்கூடப் பகலில் 19 டிகிரி, இரவில் 11 டிகிரி என்பதே சராசரி. காலையில் வெயில் அடித்த தெருவில் அரை மணி நேரத்தில் சாரல் பிடிக்கும். வட கடலிலிருந்து 'ஹார்' என்று அவர்கள் சொல்லும் மூடுபனி ஏறிவந்தால், குன்றின் மேலிருக்கும் கோட்டையே கண்ணுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஊரில், ஒரு துணி எவ்வளவு தடிமன் என்பதைவிட எவ்வளவு விரைவில் உலரும் என்பதையே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தடித்த ஸ்வெட்டரை வெயில் வந்தால் கையில் சுமக்க வேண்டும். நனைந்தால் மறுநாளும் உலராது, ஏனெனில் கோடையில் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரைப் போடுவதில்லை. மெல்லிய கம்பளி பனியன், அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழை மேலாடை, எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடியுள்ள மழைக்கோட்டு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால், வேண்டியபோது ஒன்றைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம். ஜீன்ஸும் வேண்டாம், முழங்கால்வரை ஈரம் ஏறினால் அன்று முழுவதும் காலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சேலை கட்டும் அம்மாக்களிடம் "அங்கே பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்" என்று வற்புறுத்துவதை நான் ஏற்கவில்லை. அம்மாவின் சிரமத்துக்குக் காரணம் சேலை அன்று. பருத்தி உள்பாவாடையும் சேலையின் அடியில் தைத்த பருத்தி ஃபால்ஸும்தான். மேலே புடவை காய்ந்துவிட்ட பிறகும், அந்த நான்கு விரல் அகலத் துணி மட்டும் நீரை உறிஞ்சிக் கனத்து, கணுக்காலில் சில்லென்று பட்டுக்கொண்டே இருந்ததாக அவர் சொன்னார். இம்முறை பாலியெஸ்டர் ஜார்ஜெட் சேலைகள், ஃபால்ஸைப் பிரித்தெடுத்துவிட்டோம். உள்ளே சாட்டின் பாவாடை, அதற்கும் உள்ளே கால்களை ஒட்டிய தெர்மல் உள்ளாடை. கொசுவத்தையும் இரண்டு அங்குலம் தூக்கிச் செருகிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மழைக்கோட்டு வாங்கும்போது அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல்களின் மேல் பட்டையான நாடா ஒட்டியிருந்தால்தான் தொடர் மழையைத் தாங்கும். இல்லையென்றால் தோள்பட்டைத் தையல் வழியாக நீர் இறங்கிவிடும். சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்றது 1823இல்; அவரும் அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர்தான். அந்தத் துணியில் வியர்வை வெளியேற வழியில்லை. இன்றைய மலிவான பிளாஸ்டிக் கோட்டிலும் அதே தொல்லை உண்டு என்பதால், ஏற்றமும் இறக்கமுமான அந்த ஊரில் நடப்பவர்களுக்கு அது உதவாது. குடையோ அங்குள்ள காற்றுக்கு நிற்காது. அம்மாவின் குடை நார்த் பிரிட்ஜ் பாலத்தின் மேல் முதல் நாளே மடங்கிக் கம்பி முறிந்துவிட்டது.

ராயல் மைல் சாலையில் பாவிய கல் நனைந்தால் வழுக்கும் என்பதால், அடிப்பாகம் தேயாத ஷூ இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைத்துவிட்டு மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம். முன்பு ஸ்வெட்டர் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் அந்த இரண்டாவது ஜோடியை இப்போது வைத்திருக்கிறேன்.